பிடித்துக்கொண்ட ஆக்சில் நட்: எதை வைத்துக் கழற்றுவது, எதை வைத்து இறுக்குவது?

பழைய வேனில் பின்சக்கர பேரிங், ஆயில் சீல், டிரம் என்று எதைத் தொடப் போனாலும் வழியில் குறுக்கே நிற்பது ஆக்சில் நட், அதாவது சக்கரம் மாட்டும் ஹப்பை ஆக்சிலோடு பிடித்திருக்கும் நடு நட். வருடக்கணக்கில் தண்ணீரும் சேறும் பிரேக் தூசியும் குடித்து ஆக்சிலோடு ஒட்டிப்போயிருக்கும். இதற்கு என்ன கருவி வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நீளமான பைப் போடு என்பார் ஒருவர். இம்பாக்ட் கன் (அடித்து அடித்துத் திருகும் மெஷின்) இல்லாமல் கையை வைக்காதே என்பார் இன்னொருவர். காஸ் வைத்துச் சூடாக்கு என்பார் மூன்றாமவர். எல்லாருமே கழற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதே நட்டைத் திரும்ப அளவோடு இறுக்க வேண்டும் என்பது பேச்சில் வருவதே இல்லை. என் கணக்கு வேறு. இறுக்கும் வேலைக்கு எது சரிப்படும் என்று முதலில் பார்க்க வேண்டும், அது கழற்றவும் உதவுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் கருவிகளின் வரிசையே மாறிவிடுகிறது.

அளவு தெரிய ஓர் உதாரணம். 1979-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் டி3 வேனின் பின் ஆக்சில் நட் 46 மி.மீ.; இறுக்க வேண்டிய டார்க் (திருகும் விசையின் அளவு) சுமார் 500 நியூட்டன் மீட்டர். அதே வேனின் வீல் நட்டுக்கு 180 போதும். கம்பெனியிலிருந்து புதிதாக வரும்போதே இந்த 500. துரு ஏறிய பிறகு கழற்ற இதைப் போல இரண்டு மடங்கு கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் வேனின் அளவு வேறாக இருக்கும், அதற்குரிய சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டயர் மாற்றும் ஸ்பேனரோடு இந்த வேலைக்கு வரக்கூடாது என்பது எல்லா வேனுக்கும் பொருந்தும்.

டி3-இலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாலு சக்கர ஓட்டு வகையைத் தவிர, அதன் முன்சக்கரம் ஓட்டு சக்கரம் இல்லை. அங்கே இருப்பது டேப்பர் ரோலர் பேரிங். அந்த நட்டின் வேலை பேரிங்கின் ஆட்டத்தைச் சரிசெய்வது மட்டுமே. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே லேசாக இறுக்கி, ரோலர்கள் உட்கார்ந்ததும் தளர்த்தி, ஏறக்குறைய கைவிசையில் விட வேண்டும். பின் நட்டுக்கான பலத்தை இங்கே காட்டினால் பேரிங் சூடேறி வீணாகும். ஒரே வேன், இரண்டு நட், இரண்டுக்கும் நேர்மாறான நடத்தை. இனி நான் சொல்வதெல்லாம் அந்தப் பின் நட் போல, ஹப்பையோ பேரிங்கையோ இறுக்கிப் பிடிக்கிற வகையைப் பற்றி மட்டும்.

கருவியை எடுப்பதற்கு முன் நட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும். மேல்விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருந்தால் அது கேசில் நட், உள்ளே காட்டர் பின் (நட் சுழலாமல் தடுக்கும், கால் மடக்கிய கம்பி) இருக்கும். நட்டின் கழுத்து ஓர் இடத்தில் ஆக்சிலின் பள்ளத்துக்குள் அடித்து அமுக்கியிருந்தால் அது ஸ்டேக் செய்த நட். உள்ளே நைலான் வளையம் தெரிந்தால் நைலாக். ஸ்டேக் செய்த இடத்தைச் சின்ன உளியால் நிமிர்த்தாமல் திருகினால் ஆக்சிலின் மரையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். கேசில் நட்டில் வேறொரு குழி இருக்கிறது. காட்டர் பின்னின் இரண்டு கால்களும் துருவில் ஒடிந்து, நடுத்துண்டு மட்டும் ஆக்சில் துளைக்குள் மாட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் துருப் பொட்டு மாதிரிதான் தெரியும். காட்டர் பின் போய்விட்டது என்று நினைத்து முழு பலத்தையும் போட்டால் அந்தத் துண்டு மரைக்குள் சிக்கி நட்டைப் பூட்டிவிடும். மெல்லிய பஞ்ச் கருவியால் தட்டி எடுங்கள். வரவில்லை என்றால் சின்ன டிரில் பிட் போட்டு எடுங்கள். அப்படியே மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் ஒரு பக்கம் இடதுமரை உண்டு. இறுகும் திசையிலேயே ஒரு மணிநேரம் தொங்கிக்கொண்டிருப்பது நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான்.

துரு இளக்கும் எண்ணெய் ஒரு தனி வழி இல்லை, எந்த வழியில் போனாலும் முதல் நாளே செய்ய வேண்டியது. ராத்திரி முழுக்க ஊற விட்டால் நுனி மரை நனையும். நட்டின் அடிமுகத்தில் இருக்கும் உராய்வுக்குள் எண்ணெய் போய்ச் சேருவது அபூர்வம். டிரம்முக்குள் வழிந்து பிரேக் லைனிங்கை நனைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

நீளமான பாரும் பைப்பும்

முக்கால் இஞ்ச் ஸ்கொயர் (சாக்கெட் மாட்டும் சதுர நுனி) உள்ள பார், ஆறு மூலை சாக்கெட், பாரின் மேல் நுழைகிற கனமான இரும்புப் பைப். அறையில் கிடக்கும் அரை இஞ்ச் பாருக்குப் பைப் மாட்டுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. கூடாது. சதுரக் கம்பியின் முறுக்குத் தாங்கும் பலம் பக்க அளவின் மும்மடியாக ஏறும். அரையிலிருந்து முக்காலுக்குப் போனால் பலம் மூன்று மடங்குக்கும் மேல். அரை இஞ்ச் பாரின் நுனி உடைவது மெதுவாக நடக்காது. பைப்பின் மேல் ஆள் முழுக்கச் சாய்ந்திருக்கும் நேரத்தில் பட்டென்று போகும், ஆள் தரையில் இருப்பார்.

கணக்கு எளிது. 80 கிலோ ஆள் ஒரு மீட்டர் தள்ளி நின்று முழு எடையையும் போட்டால் 785 நியூட்டன் மீட்டர். ஒன்றரை மீட்டர் பைப்பில் கிட்டத்தட்ட 1,180. பெரும்பாலான வேன் நட்டுகள் இதற்குள் அடங்கிவிடும். சத்தமில்லை, கரண்ட் வேண்டாம், காற்று வேண்டாம். நட் அசையும்போது கையிலேயே தெரியும். முறுகுகிறதா, மரை கிழிகிறதா, நகர்கிறதா என்று உணர்ந்து நிறுத்த முடிகிற வழி இது ஒன்றுதான்.

குறை, இடம். பைப் சுற்ற வெட்டவெளி வேண்டும். சாக்கெட் சக்கரத்துக்கு வெளியே வர எக்ஸ்டென்ஷன் போட்டால் அதன் வெளிமுனை கீழே சாயப் பார்க்கும். அந்த முனைக்குக் கீழே ஒரு ஆக்சில் ஸ்டாண்டை வைத்துத் தாங்கல் கொடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் சாக்கெட் வழுக்குவதற்குப் பலக் குறைவைவிடச் சாய்வுதான் காரணம். இந்த நட்டுகள் பல நேரம் தட்டையாக இருக்கும். சாக்கெட்டின் வாய்ப்பக்கம் உள்ளே சரிவாகக் கடைந்திருப்பதால் நட்டின் பாதி உயரத்தைத்தான் பிடிக்கும். அந்தச் சரிவு போகும்வரை சாக்கெட் முகத்தைக் கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கிவிட்டால் பிடிப்பு கண்ணெதிரே கூடும். பன்னிரண்டு மூலை சாக்கெட்டை இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

வண்டி தரையில் நிற்க வேண்டும். சக்கரம் மாட்டியபடி, நடுமூடி கழற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முடிந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி. ஜாக்கியில் தூக்கிய வேனில் இந்தப் பலத்தைப் போட்டால் நட்டுக்கு முன்னால் வேன் அசையும். சக்கரத்தின் நடு அடைத்திருந்தால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஹப்பின் இரண்டு வீல் போல்ட் துளைகளில் நீளமான பட்டை இரும்பை முடுக்கி அதன் மறுமுனையைத் தரையில் ஊன்றவிட வேண்டும். இன்னொன்று: சீல் செய்த பேரிங் உள்ள வண்டிகளில் நட்டை இளக்கியதும் வண்டியை உருட்டாதீர்கள். அந்த பேரிங்கின் உள்வளையங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதே நட்தான். தளர்ந்த நிலையில் எடை ஏறினால் நல்ல பேரிங்கும் போய்விடும். இளகியதும் ஜாக்கி, ஸ்டாண்ட், அப்புறம் முழுக்கக் கழற்றுவது.

இம்பாக்ட் கன்

கழற்ற மட்டும் என்றால் இதுதான் சுகம். தொடர்ந்து விழுகிற சின்னச் சின்ன அடி, ஒரே சீராகத் தள்ளும் பலத்தைவிட நன்றாகத் துருவை உடைக்கும். ஹப்பைப் பிடிக்க ஆள்கூடத் தேவைப்படாது பல சமயம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை அப்படியே நம்பி வாங்காதீர்கள். நீளமான எக்ஸ்டென்ஷன், அரையிலிருந்து முக்காலுக்கு மாற்றும் அடாப்டர், தொளதொளவென்று உட்காரும் சாக்கெட், பாதி இறங்கிய பேட்டரி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் அடியைத் தின்றுவிடும். காற்றில் ஓடும் கன் என்றால் கன்னின் வாயில், அது ஓடும்போது, சுமார் 6 பார் அழுத்தம் நிற்க வேண்டும். கம்ப்ரஸர் மீட்டரில் 8 காட்டலாம்; மெலிந்த, நீண்ட ஹோஸ் வழியே வந்து சேரும்போது பாதியாகியிருக்கும். கன் சரியில்லை என்று திட்டுபவர்களில் பலருக்குக் குற்றவாளி ஹோஸ்தான். சாக்கெட் கறுப்பாக, தடித்த சுவரோடு, இம்பாக்ட்டுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துச் சிதறும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இறுக்க? இங்கேதான் இது தோற்கிறது. எவ்வளவு இறுகியது என்று கன் சொல்லாது. நீங்களும் சொல்ல முடியாது. நட்டை வாஷர் தொடும்வரை ஓட்டிவிட அதைப் பயன்படுத்தலாம், அதுவும் கையால் நாலு சுற்று போட்டு மரை சரியாக ஏறியதைப் பார்த்த பிறகு. அதாவது இம்பாக்ட் கன் வாங்கியவர் இறுக்குவதற்கு இன்னொரு கருவியும் வாங்கியாக வேண்டும். ஏற்கெனவே பட்டறையில் ஒன்று இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். இந்த ஒரு நட்டுக்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுத்தியல் ஸ்பேனர்

குட்டையான, தடித்த, நுனியில் சுத்தியல் அடிக்கவென்றே கட்டை வைத்த ஸ்பேனர். இரண்டு மூன்று கிலோ சுத்தியலால் ஓங்கி அடித்தால் நட் அடி அடியாக நகரும். பைப் சுற்ற இடமில்லாத மூலையில் இது கைகொடுக்கும். பராமரிக்க ஒன்றுமில்லை, கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. ஒரே அளவுக்குத்தான் ஆகும் என்பதும், தவறின அடி விரலிலோ பிரேக் பைப்பிலோ விழும் என்பதும் குறைகள். இறுக்கும்போது அடியை எண்ணித்தான் டார்க்கை ஊகிக்க வேண்டும். நான் அதை அளவு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டார்க் மல்டிபிளையர்

பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே கிரகப் பற்சக்கரத் தொகுதி ஒன்றுதான். கையால் 100 கொடுத்தால் மறுமுனையில் ஐந்து மடங்கு போல வரும். உராய்வில் கொஞ்சம் போவதால் பல்விகிதத்தைவிட உண்மையில் சற்றுக் குறைவாகவே வரும். நல்ல கருவியில் அந்த உண்மை எண்ணைத் தனியாகக் குறித்திருப்பார்கள். கனமான ஆளாக இருக்க வேண்டியதில்லை, நீண்ட பைப் தேவையில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே 500 போடலாம்.

இதன் உண்மையான பெருமை இறுக்குவதில் தெரியும். வீட்டில் இருக்கும் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) 200 வரைதான் போகும் என்றாலும் போதும். மல்டிபிளையரின் உண்மை விகிதம் 4.5 என்றால், 500-ஐ 4.5-ஆல் வகுத்து ரெஞ்சை 111-இல் வைத்தால் நட்டுக்கு 500 போய்ச் சேரும். கழற்றவும் இறுக்கவும் ஒரே கருவி, இரண்டுமே அளவோடு. சக்கர நட் கழற்றவென்று கைப்பிடி சுற்றும் மலிவு வகை ஒன்று விற்கிறார்கள். அதன் உண்மை விகிதம் யாருக்கும் தெரியாது, கழற்ற மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஊன்றுகோலைப் பற்றி இரண்டு வார்த்தை. மல்டிபிளையரின் ரியாக்ஷன் ஆர்ம், நட்டுக்குப் போகும் விசையில் பெரும்பகுதியை எதிர்த்திசையில் எங்காவது ஊன்றித் தாங்கும். அதைத் தரையில் வைத்த கட்டையிலோ கனமான சட்டத்திலோ ஊன்றுங்கள். பிரேக் டிரம்மின் விளிம்பு, ஷாக் அப்சார்பர், ஒற்றை வீல் ஸ்டட் இவற்றில் ஊன்றினால் எது உடையும் என்று பந்தயம் கட்டலாம். அந்த ஆர்ம் திரும்பி வந்து உட்காரும் இடத்தில் விரல் இருக்கக் கூடாது.

நெருப்பும் கட்டரும்

சூடாக்கினால் நட் விரியும், துரு உடையும், பசை போட்டிருந்தால் இளகும். கெட்டியான சிவப்பு த்ரெட் லாக் பசைக்குச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கு இரண்டு விரல் தள்ளி ரப்பர் சீலும் பேரிங் கிரீஸும் இருக்கின்றன. எப்படியும் பேரிங், சீல் எல்லாம் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் சூடு நியாயமான வழி. சீலை வைத்துக்கொள்ள நினைத்தால் நெருப்பைக் கிட்டே கொண்டுவராதீர்கள். நட்டைச் சுற்றிக் கம்பிச் சுருள் மாட்டும் இண்டக்ஷன் ஹீட்டர், ஜ்வாலையைவிட எவ்வளவோ மேல். சூடு நட்டோடு நிற்கும். ஜ்வாலைதான் கதி என்றால் அந்த இடத்தில் பிரேக் கிளீனர் அடித்திருக்கக் கூடாது. குளோரின் கலந்த கிளீனர் நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். இது மிரட்டலுக்குச் சொல்வதில்லை. சூடு வைத்த நட்டை மறுபடி மாட்டவும் கூடாது.

வெட்டுவது கடைசி வழி, ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. புது நட் கையில் இருந்தால், ஆக்சிலுக்கு இணையாக நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தைக் கிரைண்டரால் மரைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால்வரை வெட்டி, உளியை அந்தப் பள்ளத்தில் வைத்துத் திருப்பி அடித்தால் பிளந்துவிடும். மூலைகள் வழுக்கி உருண்டையாகிவிட்ட நட்டோடு அரைநாள் மல்லுக்கட்டுவதைவிட இதுவே புத்திசாலித்தனம். கேசில் நட்டில் பல்லுக்கு நடுவே உள்ள பள்ளம் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கும்.

எந்த வழியானாலும் நட் முதலில் அசைந்ததும் விறுவிறுவென்று சுற்றிவிடத் தோன்றும். அரைச்சுற்று தளர்த்து, கால்சுற்று திருப்பி இறுக்கு, எண்ணெய் விடு. துருத்தூள் மரைக்குள் அடைத்துக்கொண்டால் ஆக்சிலின் மரை போகும். அது போனால் நட் விலை இல்லை, ஆக்சில் விலை.

இறுக்கும் நாள்

மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நட்டைக் கையால் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். ஸ்டேக் நட்டும் நைலாக்கும் புதிதாகத்தான் போட வேண்டும். கேசில் நட்டை நல்லதாக இருந்தால் மறுபடி போடலாம், காட்டர் பின் மட்டும் புதிது. மேனுவல் எண்ணெயில்லாமல் என்று சொன்னால் எண்ணெயில்லாமல்தான். போல்ட் இறுக்கும்போது நாம் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உண்மையான பிடிப்பாகிறது, மற்றதெல்லாம் உராய்வில் போகிறது. எண்ணெய் விட்டு உராய்வைக் குறைத்தால் அதே டார்க்கில் பிடிப்பு அளவுக்கு மேல் எகிறும்.

முக்கால் இஞ்ச் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தால் வேறு பேச்சே வேண்டாம். மல்டிபிளையர் இருந்தால் மேலே சொன்ன வகுத்தல். இரண்டும் இல்லாதவருக்கு, அந்தப் பழைய பாரும் பைப்பும் சொந்த உடம்பும் இருக்கின்றன. தேவையான டார்க்கை, உங்கள் கிலோ எடையை 9.81-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், நட்டின் மையத்திலிருந்து எத்தனை மீட்டரில் நிற்க வேண்டும் என்று வரும். 500-க்கு 70 கிலோ ஆள் 73 செ.மீ., 80 கிலோ ஆள் 64 செ.மீ. பைப்பில் சாக்பீஸால் கோடு போட்டு, பார் தரைக்குக் கிடையாக இருக்கும்போது கோட்டின் மேல் முழு எடையையும் வைக்க வேண்டும். குதிக்கக் கூடாது, குதித்தால் கணக்கு கெட்டது. சமநிலைக்கு வேனைத் தொட்டுக்கொள்ளலாம், அதில் சாயக் கூடாது. பார் கிடைநிலையிலிருந்து 15 டிகிரி இறங்கினால் மூன்று நான்கு சதவீதம்தான் குறையும்; 30 டிகிரி இறங்கினால் 13 சதவீதம், அப்போது சாக்கெட்டைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். பைப்பின் சொந்த எடையும் கொஞ்சம் சேர்க்கும். நல்ல டார்க் ரெஞ்ச் நாலு சதவீதப் பிழைக்குள் நிற்கும். இது அவ்வளவு துல்லியமில்லை. ஆனாலும் இம்பாக்ட் கன்னைக் காதால் கேட்டு இறுக்குவதற்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது.

ஆகவே, ஒரு வேன், எப்போதோ ஒருமுறை வேலை என்றால் முக்கால் இஞ்ச் பாரும் சாக்கெட்டும் பைப்பும் போதும். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். எடை குறைந்தவர், தனியாக வேலை செய்பவர், இடமில்லாத கொட்டகையில் வேலை செய்பவர் மல்டிபிளையருக்குப் போகலாம். கொடுத்த காசு வீண் போகாது. இம்பாக்ட் கன் இருப்பவர் கழற்றிவிட்டு மேலே சொன்ன இரண்டில் ஒன்றுக்கு வந்தே ஆக வேண்டும்.

கேசில் நட்டில் டார்க் வந்த பிறகு துளை நேராக வரவில்லை என்றால், அடுத்த பள்ளம் வரும்வரை முன்னால்தான் போக வேண்டும், பின்னால் தளர்த்தி நேர் பார்க்கக் கூடாது. ஸ்பிளைன் ஹப் (ஆக்சிலோடு பல்லுக்குப் பல் கோத்திருக்கும் ஹப்) உள்ள வண்டியில் கொஞ்ச தூரம் ஓட்டியபின் பின்னைக் கழற்றி டார்க்கை மறுபடி சரிபாருங்கள். முதல் முறை நட் கொஞ்சம் நகர்ந்தால், உட்காரும் முகங்களில் இருந்த அழுக்கோ பெயிண்டோ அமுங்கியிருக்கிறது என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறையும் நகர்ந்தால், ரிவர்ஸ் போடும்போது பின்னாலிருந்து டக்கென்று சத்தமும் வந்தால், ஸ்பிளைன் தேய்ந்திருக்கிறது. இனி இறுக்கிப் பயனில்லை, ஹப்பையும் ஆக்சிலையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.